மலைக்காரர்கள் எந்தக் கோபுரத்தில் ஏறுவது?

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் கல்வராயன் மலையில் கரியாலூர் பக்கம். கல்யாணத்துக்குப் பிறகு நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். என் அக்கா குடும்பம் கோலாலம்பூரில் இருக்கிறது. வருகிற தைப்பூசத்துக்கு அப்பா, அம்மா, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், நான் என்று நாலு பேரும் திருச்சியிலிருந்து விமானத்தில் போகிறோம். அங்கே உயரமான கட்டடத்தின் உச்சியில் ஏறி ஊரைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. அக்கா வீட்டுக்காரர் இரட்டைக் கோபுரம் என்கிறார். அவர் மகன் "அதெல்லாம் பழசு சித்தி, மெர்டேக்கா 118தான் இப்போ" என்கிறான். கே.எல். டவர் என்று இன்னொன்றும் இருக்கிறதாம். நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்து ஒன்றில் ஏறத்தான் கையில் காசு இருக்கிறது. அப்பாவோ, "நம்ம மலையில நின்னு பாக்காததையா அங்க காசு குடுத்துப் பாக்கப் போறோம்" என்று கேட்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி, கூடவே உயரத்தில் நின்றால் பயம். திரும்பும்போது இரண்டு நாள் சிங்கப்பூரில் தம்பியோடு இருப்போம். அவன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான். எந்த ஊரில் எதில் ஏறலாம்?

— வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கோலாலம்பூரில் கே.எல். டவரில் ஏறுங்கள். மாலை ஆறு மணிக்கு மேலே இருக்கும்படி போய், விளக்கு எரிந்த பிறகு இறங்குங்கள். இரட்டைக் கோபுரத்தைக் கீழேயிருந்து காசில்லாமல் பாருங்கள். சிங்கப்பூரில் தம்பியின் விடுமுறை நாளில் பினாக்கிள் டக்ஸ்டன் குடியிருப்பின் மொட்டைமாடிக்குப் போங்கள். பதில் இவ்வளவுதான் என்றாலும், காரணம் தெரிந்தால்தான் அக்கா வீட்டில் உங்களால் எடுத்துச் சொல்ல முடியும். அப்பாவின் கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அப்பா. உயரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது முழுக்கச் சரி. கல்வராயன் மலை கடல் மட்டத்திலிருந்து 2,000 அடி முதல் 3,000 அடி வரை எழும்பி நிற்கிறது. உலகத்திலேயே இரண்டாவது உயரமான கட்டடமான மெர்டேக்கா 118, அதன் ஊசிமுனையையும் சேர்த்து 678.9 மீட்டர், அதாவது 2,227 அடி. அப்பா நடந்து பழகிய இடம் அந்த ஊசிமுனைக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கக்கூடும். உயரம் மட்டும்தான் கணக்கு என்றால் அவர் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதில்லை.

ஆனால் மலை விளிம்பில் நின்று பார்க்கும்போது கண் தூரத்துக்குத்தான் போகும். கோமுகி அணை, கரும்புத் தோட்டம், மரவள்ளிக் காடு, அதற்கும் அப்பால் புகைமூட்டமாகக் கள்ளக்குறிச்சி. காலடியில் சரிவும் மரமும்தான். கட்டடத்தின் உச்சியில் பார்வை நேர் கீழே இறங்குகிறது. ஒரு தெரு எங்கே தொடங்கி எங்கே முட்டுகிறது, ஆறு எந்தப் பாலத்துக்கு அடியில் நுழைகிறது, பணக்காரர் தெருவுக்குப் பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். மனிதர்கள் கூடி ஒரு ஊரை எப்படி உண்டாக்கினார்கள் என்பதைத்தான் அங்கே காசு கொடுத்துப் பார்க்கிறோம். அது கரியாலூரில் கிடைக்காது. அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், வருவார்.

எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்ல காட்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. கணக்குப் போட்டால் அப்படி வருவதில்லை. உயரம் இரண்டு மடங்கானால் தொடுவானம் இரண்டு மடங்கு தள்ளிப் போகாது, ஒன்றரை மடங்குகூடப் போகாது. 276 மீட்டரில் நின்றால் தொடுவானம் ஏறக்குறைய 59 கிலோமீட்டரில் இருக்கும். 370 மீட்டரில் நின்றால் 69 கிலோமீட்டர். நடுவில் பத்துக் கிலோமீட்டர்தான் கூடுதல். கோலாலம்பூரின் ஈரக் காற்றில் அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் பெரும்பாலும் வெள்ளைப் படலமாகத்தான் தெரியும். உயரம் கூடக் கூடக் கீழே இருப்பவை சிறுத்துக்கொண்டே போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 170 மீட்டரிலிருந்து பார்த்தால் ஓடுகிற காரின் நிறமும் திருப்பமும் தெளிவாகத் தெரியும். 370 மீட்டரில் அது பௌர்ணமி நிலாவைவிடச் சற்றே பெரிய புள்ளி. மனிதர்கள் நடமாடும் ஊரைப் பார்க்க 150 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரையிலான உயரம் தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குச் சாட்சி நீங்கள் விமானம் ஏறப்போகும் ஊரிலேயே இருக்கிறது. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் வெறும் 83 மீட்டர். உச்சிப்பிள்ளையார் சந்நிதியில் நின்றால் காவிரி, அதற்கு அப்பால் தீவாக ஸ்ரீரங்கம், 1987-இல் கட்டி முடித்த 73 மீட்டர் ராஜகோபுரம், அதற்கும் பின்னால் கொள்ளிடம். எத்தனை நேரம் நின்றாலும் அலுக்காது. காரணம், அங்கிருந்து தெரிவதெல்லாம் நமக்குப் பெயர் தெரிந்தவை. முன்பின் தெரியாத ஊரில் ஆயிரம் அடி உயரத்தில் நின்றாலும், விரல் நீட்டி "அதோ அது" என்று சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் மகள் செல்போனை எடுத்துவிடுவாள். அதனால் எந்தத் தளத்தில் நின்றால் உங்களுக்குத் தெரிந்தவை அதிகமாகக் கண்ணில் படும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

அக்கா வீட்டுக்காரர் சொல்லும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 451.9 மீட்டர், 88 மாடி. அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் பெல்லி வடிவமைத்தது. 1998-இலிருந்து 2004-இல் தைபேய் 101 வரும்வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். இரண்டு கோபுரங்களையும் ஒரே நிறுவனம் கட்டவில்லை. ஒன்றை ஜப்பானிய நிறுவனத்தின் தலைமையிலும் மற்றொன்றைக் கொரிய நிறுவனத்தின் தலைமையிலும் போட்டி போட்டுக்கொண்டு எழுப்பினார்கள். இரண்டையும் இணைக்கும் வான்பாலம் 41, 42-ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டரில் இருக்கிறது. நீளம் 58 மீட்டர். இந்தப் பாலத்தைக் கோபுரங்களோடு இறுக்கிப் பூட்டவில்லை. காற்றில் இரண்டு கோபுரங்களும் தனித்தனியாக அசையும். பாலம் இறுகியிருந்தால் விரிசல் விடும். ஆகவே அதன் இரு முனைகளும் உள்ளே வெளியே நழுவ இடம் விட்டு, 29-ஆம் மாடியிலிருந்து சாய்வாக எழும் இரண்டு கால்களின் மேல் தாங்க விட்டிருக்கிறார்கள். கணக்கிலும் இயந்திரத்திலும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இந்த ஒன்றைக் காட்டவே அங்கே கூட்டிப் போகலாம்.

இருந்தும் நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் எளிமையானது. இரட்டைக் கோபுரத்தின் உள்ளே நின்றால் இரட்டைக் கோபுரம் தெரியாது. பக்கத்துக் கோபுரத்தின் ஒரு துண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்கும், அவ்வளவுதான். கோலாலம்பூர் வானத்தை அடையாளம் காட்டுவதே அந்த இரண்டும்தான். அவை இல்லாத கோலாலம்பூரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நியூயார்க் போகிறவர்களும் இதையேதான் யோசிக்கிறார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராக்ஃபெல்லர் சென்டரின் எழுபதாவது மாடிக்கு ஏறுவார்கள்.

இரண்டாவது காரணம் நேரக் கட்டுப்பாடு. குழுவாக உள்ளே விடுவார்கள். வான்பாலத்தில் சில நிமிடம், பிறகு 86-ஆம் மாடி, மொத்தம் முக்கால் மணி நேரம். குழுவோடு போய்க் குழுவோடு இறங்க வேண்டும், பெரும்பாலும் நின்றபடியே. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு இது சிரமம். பகலையும் இரவையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கவும் முடியாது. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் நூறு ரிங்கிட் அளவிலோ அதற்கு மேலோ ஆகும், நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். மூத்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சலுகை உண்டு. மலேசியக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் மிகவும் குறைவு. அக்கா வீட்டுக்காரர் இரட்டைக் கோபுரத்தைச் சுலபமாகச் சொல்லிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அவர் பார்க்கும் விலை வேறு.

மகளை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று பெரியப்பா பிரியப்பட்டால், அவர்கள் இருவரும் மட்டும் ஒரு காலையில் போய் வரட்டும். திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் தொழுகைக்காக மூடுவார்கள். தைப்பூச வாரத்தில் கூட்டம் அதிகம், முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கடினம்.

அக்கா மகன் சொல்லும் மெர்டேக்கா 118 முறைப்படி திறக்கப்பட்டது 2024 ஜனவரியில். 1957 ஆகஸ்ட் 31 அன்று முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கை உயர்த்தி விடுதலையை முழங்கிய மெர்டேக்கா அரங்கம் அதன் காலடியில்தான் இருக்கிறது. உயர்த்திய அந்தக் கையின் நினைவாகவே கட்டடத்துக்கு அந்த வடிவம் என்கிறார்கள். அவனுக்கு அது பெருமை, அதில் தவறே இல்லை. அதன் உச்சிப் பார்வைத்தளத்துக்கு நீங்கள் போகிற வாரத்தில் டிக்கெட் கிடைக்கிறதா என்று அவனையே விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைத்தாலும் என் யோசனை மாறாது. அத்தனை உயரத்தில் கோலாலம்பூர் ஒரு வரைபடமாகிவிடும். மெர்டேக்காவைத் தள்ளி நின்று பார்ப்பதில்தான் அழகு.

அதற்கு ஏற்ற இடம் கே.எல். டவர். 421 மீட்டர் உயரமுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் இது. 1996-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். புக்கிட் நானாஸ் என்ற குன்றின் மேல் நிற்பதால் சுற்றியுள்ள கட்டடங்கள் இதை மறைப்பதில்லை. கண்ணாடி அடைத்த பார்வைத்தளம் 276 மீட்டரில். அதற்கு மேல் 300 மீட்டரில் திறந்தவெளித் தளம், அதற்குக் கூடுதல் கட்டணம். ரமலான், ஷவ்வால் மாதங்களின் முதல் பிறையைத் தேடிப் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வானத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டியவர்கள் தேர்ந்தெடுக்கும் இடம் என்றால் பார்வை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நின்றால் தெரிவதைச் சொல்கிறேன். கிழக்கே சற்று வடக்காக, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இரட்டைக் கோபுரம் அடி முதல் நுனி வரை நிற்கும். மாலை வெயில் மேற்கிலிருந்து நேராக அதன் எஃகு உடம்பில் விழும். தெற்கே மெர்டேக்கா 118. கிழக்கே வெகு தூரத்தில் தித்திவங்சா மலைத்தொடர் நீலமாக நீளும். அப்பாவின் கண் முதலில் போகப்போவது அங்கேதான்.

மெர்டேக்காவின் அடிவாரத்திலிருந்து பார்வையை மேற்கே அரைக் கிலோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கும் இடம் அது. 1873-இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய கோயில். பத்துமலையில் முருகன் கோயில் எழவும் அவரே காரணம். தைப்பூசத்தை ஒட்டி முருகனின் வெள்ளி ரதம் இந்தக் கோயிலிலிருந்து இரவில் புறப்பட்டு, பல மணி நேரம் ஊர்ந்து பத்துமலை போய்ச் சேரும். கோயிலிலிருந்து வலப்பக்கமாக, வடக்கே பார்வையைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஈப்போ சாலை வழியாகக் கட்டடங்களுக்கு நடுவே ரதம் போகும் பாதை அது. நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டருக்குள் பச்சையும் வெள்ளையுமாகச் சுண்ணாம்புக் குன்றொன்று தெரியும், அதுதான் பத்துமலை. 42.7 மீட்டர் முருகன் சிலை அங்கிருந்து கண்ணுக்குப் பிடிபடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், தொலைநோக்கி இருந்தால் தேடிப் பாருங்கள். குன்று தெரியும். ரதம் புறப்படும் முன்பே கோபுரத்தில் ஏறிவிட்டால், பிறகு அதன் பின்னால் நடக்கும்போது எங்கே இருக்கிறோம் என்று அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஒரு தமிழ்க் குடும்பம் கோலாலம்பூரில் உயரத்தில் நின்று பார்க்க இதைவிடப் பொருத்தமான காட்சி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கே.எல். டவரை அப்பாவுக்காகவும் சொல்கிறேன். அந்தக் குன்று 1906-இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. நகரத்தின் நட்டநடுவில் இன்னும் மழைக்காடாகவே இருக்கிறது. கோபுரம் கட்டத் தேர்ந்த இடத்தில் நூறு வயது தாண்டிய ஜெலுத்தோங் மரம் ஒன்று நின்றது. அதை வெட்ட மனமில்லாமல் கோபுரத்தின் இடத்தையே தள்ளி வைத்தார்கள். மரத்தின் வேரைக் காக்கத் தனியாக ஒரு தாங்குசுவர் எழுப்பினார்கள். அதற்கு மட்டும் 4,30,000 ரிங்கிட் செலவானது. ஜெலுத்தோங் பால் வடியும் மரம், அந்தப் பாலை முன்பு சூயிங்கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். ஒரு கோபுரம் ஒரு மரத்துக்காக ஒதுங்கி நின்ற இடத்தை, மரத்தோடு வாழ்ந்த மனிதருக்குக் காட்டாமல் திரும்பக் கூடாது. ஏறுவதற்கு முன் வெளிச்சம் இருக்கும்போதே அந்த மரத்தடிக்கு அவரை அழைத்துப் போங்கள். மலையிலேயே வாழ்ந்தவர் அந்தக் காட்டைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று மகள் கேட்டுக்கொள்ளட்டும். கோபுரத்து வழிகாட்டிகளிடம் கிடைக்காத விஷயம் அவரிடம் கிடைக்கும்.

இனி நேரம். ஜனவரி இறுதியில் கோலாலம்பூரில் சூரியன் மறைவது ஏறக்குறைய ஏழரை மணிக்கு. நம் ஊர்க் கணக்கில் மிகவும் தாமதம், அதை மறந்து ஐந்தரைக்கே இருட்டிவிடும் என்று ஓட வேண்டாம். ஆறு மணிக்கு மேலே இருந்தால் வெயிலில் ஒரு ஊர், அந்தியில் ஒரு ஊர், விளக்கில் ஒரு ஊர் என்று ஒரே டிக்கெட்டில் மூன்றும் கிடைக்கும். பார்வைத்தளத்தில் குழுவோடு இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. துபாயில் புர்ஜ் கலீஃபாவின் 124-ஆம் மாடிக்கு இதே அந்தி நேரத்துக்கென்று கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தின் மதிப்பு புரியும்.

இந்த டிக்கெட்டை நாள்கணக்கில் முன்னதாக வாங்கிவிடாதீர்கள். கோலாலம்பூரில் பிற்பகலில் திடீரென்று இடி மழை கொட்டும். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் இது அதிகம். ஜனவரி கடைசி அவ்வளவு மோசமில்லை என்றாலும் நம்ப முடியாது. மழையோ இடியோ வந்தால் திறந்தவெளித் தளத்தை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் சுமத்ராவில் காட்டை எரிப்பதால் வரும் புகையையும் கணக்கில் எடுக்க வேண்டும், 2015-லும் 2019-லும் அது கண்ணை மறைத்தது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அன்றன்று நாலு மணிக்கு அக்கா வீட்டிலிருந்து கிழக்கே பாருங்கள். மலைத்தொடர் கோடு போட்ட மாதிரி தெரிந்தால் கிளம்புங்கள், மங்கலாக இருந்தால் மறுநாள். மூன்று மணிக்கு மழை கொட்டி ஐந்து மணிக்கு விட்டதென்றால் உடனே வண்டியைப் பிடியுங்கள். மழை கழுவிய காற்றில் கிடைக்கும் தெளிவு வேறு நாளில் கிடைக்காது. மலையில் மேகத்தைப் பார்த்துப் பழகிய அப்பாவிடமே இந்த முடிவை விட்டுவிடலாம்.

அம்மாவுக்கு இரண்டு விஷயம். கிராப் வாடகை வண்டியைக் குன்றின் மேல் கோபுர வாசல் வரைக்கும் விடச் சொல்லுங்கள், கீழே இறங்கி ஏறினால் முழங்கால் தாங்காது. பத்துமலையில் 272 படி காத்திருக்கிறது, வலுவை அங்கே சேமித்து வைக்கட்டும். லிஃப்ட் வேகமாக ஏறும்போது காது அடைக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் ஏறும்போது அடைப்பதுதான், எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லி வையுங்கள். உயரப் பயம் உள்ளவர்களுக்குப் பயம் தொடங்குவது பெரும்பாலும் காலடியில். கண்ணாடியை ஒட்டி நின்று கீழே பார்க்காமல், நாலைந்து அடி பின்னால் நின்று தூரத்து மலையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கண் பழகிய பிறகு, பிடித்தால் ஓரத்துக்கு வரட்டும். அம்மா 276 மீட்டர்த் தளத்திலேயே இருந்துவிடலாம், 300 மீட்டர் டிக்கெட் அவருக்கு எடுக்க வேண்டாம். தரையும் கண்ணாடியாலான பெட்டி ஒன்று மேலே இருக்கிறது. மகள் கேட்டால் அவள் மட்டும் போகட்டும். அம்மாவை அதில் நிற்கச் சொல்லி யாரும் விளையாட்டுக்குக்கூட வற்புறுத்த வேண்டாம்.

இரவில் கண்ணாடி வழியாகப் படம் எடுத்தால் உங்கள் முகமே படத்தில் விழும். கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கையால் மறைத்து எடுங்கள். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியில் பளிச்சென்று விழும், அன்றைக்கு வேண்டாம்.

இரட்டைக் கோபுரத்துக்கு இன்னொரு மாலையை ஒதுக்குங்கள். பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ் அமைத்த 50 ஏக்கர் பூங்கா அதன் அடியில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் ஏரியில் ஒளியும் இசையுமாக நீரூற்று ஆடும். கட்டணம் கிடையாது, உட்கார இடமும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடக்க முடிந்தால் கிளாங் ஆற்றின் மேல் 2020-இல் திறந்த சலோமா பாலத்துக்குப் போங்கள். ஒரு முனையில் கம்போங் பாரு என்ற பழைய மலாய்க் குடியிருப்பு, மறு முனையில் நகரத்தின் கோபுரங்கள். குடும்பப் படம் எடுக்க அதுதான் இடம்.

சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே எல்லோரும் கை காட்டுவது மரீனா பே சாண்ட்ஸின் 57-ஆம் மாடி வான்பூங்காவை. 200 மீட்டர் உயரம், கடலும் கப்பலும் நன்றாகத் தெரியும். ஆனால் பெட்ரோனாஸுக்குச் சொன்னதே இதற்கும். மூன்று கோபுரத்தின் தலையில் கப்பல் ஏறி நிற்கும் அந்தக் கட்டடத்தைத் தரையில், தண்ணீருக்கு இக்கரையில் நின்று பார்க்க வேண்டும். கேபிடாஸ்பிரிங் என்ற 280 மீட்டர் கட்டடத்தின் 51-ஆம் மாடித் தோட்டம் இலவசம். அது வார நாள்களில் மட்டும், தம்பிக்கு விடுமுறையோ ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும்.

பினாக்கிள் டக்ஸ்டனை நான் சொல்வது அதனால் மட்டும் அல்ல. 2009-இல் கட்டி முடித்த அரசு வீடமைப்புக் குடியிருப்பு அது. ஏழு அடுக்ககங்கள், ஒவ்வொன்றும் 50 மாடி, மொத்தம் 1,848 வீடுகள். ஏழையும் 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் வான்பாலங்களால் கோத்திருக்கிறார்கள். 50-ஆம் மாடிப் பாலத்தில் வெளியாட்களையும் விடுகிறார்கள். கட்டணம் ஆறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில்தான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, ஆகவே பிற்பகலுக்குத் தள்ளிப் போடாமல் காலையிலேயே போங்கள். சாதாரணச் சம்பளக்காரர்கள் குடியிருக்கும் கட்டடம் அது. சத்தம் போடாமல், வீட்டு ஜன்னல்களைப் படம் எடுக்காமல் நடந்துகொள்ள வேண்டும் என்று மகளுக்குச் சொல்லுங்கள். திறந்த வானம், கடல் காற்று, ஒரு பக்கம் தஞ்சோங் பகார் துறைமுகம், மறுபக்கம் நகரத்தின் கோபுரங்கள்.

அங்கே தம்பியைப் பேச விடுங்கள். அந்தக் கோபுரங்களையும் குடியிருப்புகளையும் எழுப்பியவர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. சாரத்தில் நின்று கம்பி கட்டியவர்களின் பெயர் எந்தக் கட்டடத்திலும் எழுதப்படவில்லை. அவன் வேலை பார்த்த இடம் எது, எந்த மாடி வரைக்கும் அவன் குழு ஏறியது, மழையில் வேலை நின்றால் எங்கே ஒதுங்குவார்கள் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்பதைப் பெற்றவர்கள் பல வருஷம் போன் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள். அவன் கட்டிய சுவரை அவனே காட்ட, அப்பாவும் அம்மாவும் நேரில் பார்க்கட்டும்.

அவன் கட்டடம் வேறு திசையில், தூரத்தில் இருந்தால் பினாக்கிளை விட்டுவிடுங்கள். அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பொதுமக்கள் போகக்கூடிய ஏதாவது பேரங்காடி மாடியோ நடைமேம்பாலமோ இருக்கும், ஆறு வெள்ளியும் மிச்சம். தம்பிக்கு இப்போதே போன் செய்து, அவனுக்கு ஞாயிறு விடுமுறை உறுதிதானா என்று கேட்டுவிட்டுச் சிங்கப்பூர் டிக்கெட்டின் தேதியைப் போடுங்கள்.